மலை சுற்றி வந்த சைக்கிள்

எனக்குச் சைக்கிள் கிடைத்த பிறகும் ஒரு வாரம் அதில் யாரும் ஏறவில்லை. ஹேண்டில்பாரில் விபூதிப் பட்டை, மணியின் மேல் குங்குமப் பொட்டு, இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் என்று சகல மரியாதையோடும் அது வாசல் வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நின்றது. நான் பெடலைக் கையால் சுழற்றிவிட்டு, பின்சக்கரம் தனியாக ஓடி ஓய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"சுத்தினது போதும், விடுடி. ஞாயித்துக்கெழம வரைக்கும் அது சாமி வண்டி."

எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தலை கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும். ஆனால் அந்த வருடம் நான் தாண்டுவேனா என்பதே சந்தேகமாக இருந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் பள்ளி எட்டோடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்புக்குத் திருவண்ணாமலை டவுனுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் வரும் பஸ்ஸோ தன் இஷ்டத்துக்கு வரும். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் வரவே வராது. அரசாங்கம் தரும் சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான். நடுவில் இருக்கிற இரண்டு வருடத்தைத் தாண்டுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. "எட்டு படிச்சது போதாதா? கையெழுத்து போடத் தெரியுது, பஸ் போர்டு படிக்கத் தெரியுது" என்றார் அப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அந்த இரண்டும்கூடத் தெரியாது.

அம்மா ஆசிரமப் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலையில் இருந்தாள். மார்கழியில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்குவார்கள். வெயில் ஏறியதும் ஊருக்குப் போய்விடுவார்கள். சைக்கிள் சுவரோரம் துருப்பிடித்துக் கிடக்கும். அப்படி விட்டுப்போனவற்றையும், டவுன் வீடுகளில் மூலையில் கிடந்தவற்றையும் சிலர் சேர்ந்து ஒரு கொட்டகையில் சேகரித்தார்கள். ஓடாததைக் கழற்றி, ஓடக்கூடியதில் பூட்டி, நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அம்மா என் பெயரைச் சொல்லிவைத்தாள். என் முறை வர ஒரு சீசன் முழுக்க ஆனது.

கடைசியில் வந்த சைக்கிளில் ஃபிரேம் நீலம், முன் மட்கார்டு சிவப்பு, சீட் பச்சை. இரண்டு சக்கரமும் வேறு வேறு வண்டியில் பிறந்தவை. பக்கத்து வீட்டில் இருந்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சைக்கிள் இல்லடி, ஐ.நா. சபை."

எனக்கு எந்த நாடாக இருந்தாலும் சரி, ஏறி ஓட்டினால் போதும். ஆனால் அம்மா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். தன் பெண்ணுக்கு ஒரு சைக்கிள் கிடைத்தால், யாரும் ஏறாமல், அதைத் தள்ளிக்கொண்டே மலையைச் சுற்றி வருவதாக. பெண் நடக்கக் கூடாது என்று கொடுத்த சைக்கிளை வைத்துக்கொண்டு முதல் வேலையாகப் பதினான்கு கிலோமீட்டர் நடப்பதில் உள்ள வேடிக்கை அம்மாவுக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது.

"சாமி நம்மள பாத்து சிரிக்கப் போறாருக்கா."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ வரியா, இல்லியா?"

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மூன்று பேரும் வெறுங்காலோடு கிளம்பினோம். முந்தின நாள் பெய்த மழையில் சாலையோர மண் பாதை இளகிக் கிடந்தது. மலை எங்களுக்கு வலப்பக்கம். சைக்கிளுக்கு இடப்பக்கம் அம்மா. நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வாயு லிங்கக் கோயில் தாண்டியதும் மாமா ஹேண்டிலுக்குக் கை நீட்டினார்.

"குடுக்கா, கொஞ்ச தூரம் நான் தள்றேன்."

"நீ தள்ள வேணாம். நீ தொடவும் வேணாம்."

அம்மா மாமாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சோற்றில் முட்டை இருந்தால் எனக்கு முன் அவருக்கு வைப்பவள். மாமாவும் கையை இழுத்துக்கொண்டார். வேண்டுதல் வைத்தவர்தான் தள்ள வேண்டும் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

குபேர லிங்கத்தருகே ஒரு சாமியார் எங்களை நிறுத்தினார். "வண்டிக்கும் கிரிவலமா தாயே? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"பல நாட்டுக்காரங்க ஏறின வண்டி சாமி. பாவம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் மாமா.

அங்கேயே செயின் கழன்றது. மாமா குனிவதற்குள் அம்மா உட்கார்ந்துவிட்டாள். ஒரு குச்சியால் செயினைத் தூக்கிப் பல்லில் மாட்டி, பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று, ஏறிக்கொண்டது. மசிக் கையைப் புல்லில் துடைத்துவிட்டு எழுந்தாள். கொட்டகையில் பார்த்துக் கற்றிருப்பாள் என்று நினைத்தேன்.

டவுனுக்குள் நுழைந்தோம். பெரிய கோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றினோம். செங்கம் சாலைக்கு வந்தபோது எனக்குக் கால் கொப்பளித்திருந்தது. என் வயதுப் பையன்கள் சைக்கிளில் எங்களைக் கடந்து போனார்கள். ஒருவன் திரும்பி, "பஞ்சரா?" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அருகில், கைக்கெட்டும் பச்சை சீட். அதில் உட்காரக் கூடாது.

நிருதி லிங்கம் தாண்டினால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ஒருபக்கம் காடு. ஒரு புளியமரத்திலிருந்து சிறுபாலம் வரை பாதை லேசாகச் சரியும். அந்தச் சரிவில் சைக்கிள் தானாக உருள ஆரம்பித்தது. அம்மா அதோடு வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். கைதவறி ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். அவள் கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகியதையும், இடது பெடலில் காலை வைத்து இரண்டு உந்து உந்தியதையும் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

என் அம்மா சைக்கிள் ஓட்டினாள். ஆடவில்லை, அசையவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, தினமும் போகிற வழியில் போகிறவள் மாதிரி போனாள். பாலத்தருகே போய் மணியை ஒருமுறை அடித்தாள்.

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். "இன்னும் மறக்கலியாக்கா நீ?"

அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அம்மா சட்டென்று இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, முன்போலவே தள்ளத் தொடங்கினாள். நானும் மாமாவும் தார்ச்சாலை வழியாகவே ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டோம்.

வாசலுக்கு வந்ததும், "இப்ப ஏறுடி, உன் வண்டிதான்" என்றாள். நான் வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். வயிறு வலிக்கவில்லை, பயம். யாரும் ஏறக் கூடாது என்பது வேண்டுதல். அம்மாவே ஏறிவிட்டாள். இனி இந்தச் சுற்றைச் சாமி ஏற்றுக்கொள்ள மாட்டார். கொட்டகைக்காரர்கள் வந்து சைக்கிளைத் திருப்பிக் கேட்பார்கள். மறுநாள் திறக்கிற பள்ளி எனக்கு இல்லை.

அந்தச் சைக்கிளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நான் வளர்ந்தேன், படித்தேன், இப்போது கீழ்பென்னாத்தூரில் வங்கி வேலைக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறேன். போன மாதம்தான் நானும் மாமாவும் அந்தச் சைக்கிளைத் துடைத்து, புது டயர் போட்டு, அதே கொட்டகையில் வேறொரு பெண்ணுக்காகக் கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியில் மாமா தானாகவே சொன்னார். அவரைப் படிக்கவைக்க என் தாத்தா ஒரு சைக்கிள் வாங்கினாராம். இவர் அதில் பள்ளிக்குப் போகாமல் சினிமா கொட்டகைக்குப் போனார். மத்தியானம் இவர் தூங்கும்போது அக்கா களத்துமேட்டில் ஓட்டிப் பழகினாள். தானும் டவுன் பள்ளிக்குப் போகிறேன் என்று கேட்டாள். அவள் ஓட்டுவது தாத்தாவுக்குத் தெரிந்துபோனது, மறுநாளிலிருந்து சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

"நான்தான்டி உன் தாத்தாகிட்ட போட்டுக் குடுத்தேன்" என்றார் மாமா. அவர் அன்று ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் வா என்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். "முட்டி வலிக்குதுடி, எனக்கு எதுக்கு இனிமே" என்று சிரிக்கிறாள். பின்னால் உட்கார்ந்து வருவாள். சாலை சரியும் இடங்களில் என் தோளை இறுகப் பிடிப்பாள். பயத்தில் பிடிக்கிறாள் என்று இப்போது நான் நினைப்பதில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை எனக்கு இது எதுவும் தெரியாது. சீருடை போட்டுக்கொண்டு, எல்லோரும் எழுவதற்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். புளியமரத்தருகே வந்து செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்தேன். ஈரம் இன்னும் முழுக்கக் காயாத மண்ணில், மரத்திலிருந்து பாலம் வரை டயர் தடம் நேராக, வளைவில்லாமல் போயிருந்தது. அதன் பக்கத்தில் காலடியே இல்லை. பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும், சாமிக்குத் தெரியாதா? மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, சைக்கிளை அந்தத் தடத்தின் மேலேயே உருட்டி, அதன் பக்கத்தில் என் பாதங்களை அழுத்தி அழுத்தி வைத்துப் பாலம் வரை நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். அம்மா ஓட்டிய தூரம் முழுவதும் யாரோ நடந்து போனதுபோல் ஆகியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியில் பச்சை சீட்டில் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கு மிதித்தேன்.