ஓடுபாதையில் நான்கு தேசிக்காய்

யேர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் எங்களுடைய ஆட்கள் எல்லோரும் லண்டனுக்கும் பாரிசுக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் புறப்பட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மலைப்பக்கத்தில் ஒரு விவசாயியிடம் போய், பழைய கறுப்பு டீசல் பிக்கப் ஒன்றோடு திரும்பி வந்தார். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து கொஞ்சக் காலம். டோர்ட்முண்டில் எங்கள் தெருவில் ஒரு சின்னக் கார் நிறுத்தவே சுற்றிச் சுற்றி வரவேண்டும். இவர் அந்த எருமையைக் கொண்டுவந்து இரண்டு கார் இடத்தில் கட்டிவைத்தார்.

கேட்டால் தொழிலுக்கு என்றார். கிழமை நாட்களில் ஒரு பொதி விநியோகக் கம்பனியில் வான் ஓட்டுவார். சனி ஞாயிறில் கல்யாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்குக் கொடுப்பார். தூண்கள், வளைவு, இரண்டு பொன்னிற யானைகள், எல்லாம் ரெஜிபோம் என்கிற இலேசான தெர்மோக்கோலில் செய்தவை. மணவறை ஏற்ற பிக்கப் வேண்டும் என்பது நியாயம்தான். அந்த மணவறைக்கு எதற்காக அவ்வளவு பெரிய டர்போ என்று நான் கேட்டதற்குத்தான் இன்றுவரை மறுமொழி இல்லை.

டர்போ என்றால் என்னவென்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விளக்கினார். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு காற்றாடியைச் சுழற்றுமாம். அந்தக் காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்குமாம். காற்று கூடக்கூட டீசலைக் கூடக் கொடுக்கலாமாம், பலமும் கூடுமாம். அடுப்பை ஊதுகுழலால் ஊதுவதுதானே, இதற்கு இவ்வளவு நேரமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம், அதுதான் என்றார். ஆனால் முகம் வாடிவிட்டது.

அவருக்கு ஒரு போலந்துக்கார மெக்கானிக் சிநேகிதர். இரண்டு பேரும் இரண்டு விதமான உடைந்த டொச்சில், அதாவது யேர்மன் மொழியில், பேசிக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு அட்சரம் பிசகாமல் விளங்கும். அவருடைய கராஜில் வைத்துத்தான் பழைய டர்போவைக் கழற்றிப் பெரியதைப் பூட்டினார்கள். காற்றின் அமுக்கத்தைக் காட்டுகிற வட்டமான மீட்டர் ஒன்றை முன்பலகையில், மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வாகனத்தின் குணமே மாறிவிட்டது. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு அது தூங்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு விசில் எழும்பும். பின்னால் கறுப்புப் புகை கிளம்பும். நம் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொள்ளும். அந்த விசில் தெருமுனையில் கேட்டால் நான் இங்கே புட்டுப் பானையை அடுப்பில் வைப்பேன். மேல்மாடி டொச்சுக்காரி பல்கனியில் காயப்போட்ட வெள்ளை விரிப்புகளை ஓடி ஓடி எடுப்பாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து நகரம் ஹாகனில் ஒரு கல்யாணம் வரும்வரைக்கும். நான் காஞ்சிபுரம் உடுத்து முன்சீற்றில் இருந்தேன். பின்னால் மணவறை. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, நிலத்தோடு ஒட்டிய கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே இரண்டு பெடியன்கள். பின்னால் இருந்த யானைகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட இவர் பொறுத்திருப்பார். பிக்கப்பைப் பார்த்துச் சிரித்தது தாங்கவில்லை. பச்சை விழுந்தது. விசில் கேட்டது. நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு யானை ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த முறை பார்த்தபோது அது நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் நீல விளக்கு.

பொலிஸ்காரர் அந்த யானையைக் கையில் தூக்கிக்கொண்டுதான் எங்களிடம் வந்தார். தும்பிக்கை உடைந்து தொங்கியது. மரியாதையான மனிதர், சிரிக்கவில்லை. ஆனால் வேகம் வேகம்தான். ஒரு மாதம் வாகனம் ஓட்டக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைசென்சே போய்விடும் என்றும் எச்சரித்தார்கள். கம்பனியில் அந்த மாதம் இவரைப் பொதி பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். ஓட்ட முடியாத சாரதியை இரண்டாம் முறை வைத்திருக்கமாட்டோம் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பகுதிநேரமாக ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தேன். அவருடைய லைசென்ஸ்தான் எங்கள் வீட்டுக் கூரை. அன்று இரவு நான் கத்திய கத்தல் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இனிமேல் ரோட்டில் ஓட்டப்போட்டி இல்லை, மாதா மேல் சத்தியம் என்றார். இவர் மன்னார்க் கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். உங்கள் மாதா எல்லாவற்றையும் மன்னித்துவிடுவா, அது எனக்குச் சரிவராது, என் தலையில் கை வைத்துச் சொல்லுங்கள் என்றேன். வைத்துச் சொன்னார்.

சத்தியத்தை அப்படியே காப்பாற்றினார், அதுதான் வந்த வினை. தடைக்காலம் முடிந்து திரும்ப ஓட்டத் தொடங்கியதும் பிரேத ஊர்வலம் போல ஓட்டினார். விசில் சத்தமே இல்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். பின்னேரங்களில் கீழே போய், எஞ்சினை இயக்காமல் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னலால் பார்ப்பேன். ஒரு வீடியோ விளையாட்டைப் பறித்துவைத்தால் பிள்ளைகள் இருப்பார்களே, அதே முகம். கத்தியது நான்தான், பாவப்பட்டதும் நான்தான். எனக்கு இந்த மனிசனைப் பிடித்துத் தொலைத்ததே இப்படி எதற்காவது பைத்தியமாக இருப்பதைப் பார்த்துத்தான்.

அந்த நேரத்தில்தான் போலந்துக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். முன்பு இராணுவம் பாவித்துக் கைவிட்ட ஒரு விமான ஓடுபாதை. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் யாரும் தங்கள் வாகனத்தைக் கொண்டுவந்து ஓடவிடலாம். இரண்டிரண்டாக நிற்பார்கள், கம்பத்தில் விளக்கு மேலிருந்து கீழே எரிந்து பச்சை வரும், கால் மைல் தூரம் நேரே ஓடவேண்டும், அவ்வளவுதான். சட்டப்படி எல்லாம் சரி. அம்புலன்சும் நிற்கும், பொலிஸ் வராது. இவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி கரைந்து எவ்வளவோ நேரம். அது ரோட்டு இல்லைத்தானே, போங்கோ, நானும் வாறன் என்றேன்.

போகும் வழியெல்லாம் மனிசன் பேசிக்கொண்டே வந்தார். விளக்குக் கம்பத்துக்கு முன்னால் பிரேக்கையும் அக்சிலேற்றரையும் சேர்த்து மிதித்து, காற்றை முதலே அமுக்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்போதுதான் பச்சை விழுந்தவுடன் தூங்காமல் பாயுமாம். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு மடியில் பையைப் பிடித்திருந்தேன். பையில் கட்டுச்சோறு, பொரித்த றோல்ஸ், தேசிக்காய் நாலு, சின்னப் பச்சை எலுமிச்சை.

சாமி விஷயத்தில் எங்கள் வாகனங்களுக்கு ஒரு பாகப்பிரிவினை உண்டு. கண்ணாடிக்கு உள்ளே மாதா பார்த்துக்கொள்வா. சில்லுக்குக் கீழே என் பொறுப்பு. புது வாகனமோ பழைய வாகனமோ, முதல் பயணத்துக்கு நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் நசுங்காமல் எங்கள் வீட்டு வண்டி நகர்ந்தது கிடையாது. அந்தக் கறுப்பன் மேல் டோர்ட்முண்டில் உள்ள அத்தனை தமிழ்ச் சனத்தின் கண்ணூறும் இருந்தது. உடைந்த யானையே அதற்குச் சாட்சி என்பது என் கட்சி. அவ்வளவு வேகத்தில் இவர் போகப்போகிறார், தேசிக்காய் வைக்காமல் விடுவேனா?

வரிசை நகர்ந்து, கோட்டுக்கு முன்னால் நிற்கிற முறை இவருக்கு வந்தது. பக்கத்துப் பாதையில் ஒரு பெடியனின் சிவப்பு பிக்கப், அதுவும் டீசல்தான். இவர் ஹெல்மெற் போட்டு நிமிர்ந்து இருந்தார். எல்லோரும் விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் குனிந்து போய் நாலு சில்லுக்கும் முன்னால் நாலையும் வைத்துவிட்டுத் திரும்பினேன். எனக்குப் பெரிய நிம்மதி. கோட்டுக்கு வரச் சொல்லிக் கை காட்டினார்கள். பிக்கப் உருண்டது. நாலும் நசுங்கின.

செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு அதிகாரி நிலத்தைப் பார்த்தார். உடனே இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். இவருக்கு என்ன நடந்ததென்றே தெரியவில்லை. நாலைந்து பேர் ஓடிவந்து பிக்கப்பைப் பின்னால் தள்ளினார்கள். ஒருவர் ரோர்ச்சோடு வாகனத்துக்குக் கீழே படுத்தார். ஓடுபாதையில் ஈரம் என்றால் எண்ணெய் ஒழுகுகிறது என்றுதான் அங்கே அர்த்தம். ஒழுகுகிற வாகனத்துக்கு ஓட அனுமதி கிடையாது. பின்னால் வருகிற வாகனம் அந்த ஈரத்தில் வழுக்கினால் ஆள் தப்பாது. இது எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஈரம் பார்த்து யாரும் பஸ்சை மறித்ததில்லை.

கீழே படுத்தவர் விரலில் தொட்டு மணந்து பார்த்தார். இன்னொரு முறை மணந்தார். பிறகு ஒரு கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் முன்னுக்குப் போய் எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். இது எங்கள் வழக்கம், மற்றவர்களின் கண் படாமல் இருக்க, ஒன்றும் நடக்காமல் இருக்க. அந்த அதிகாரி கோபக்காரர் இல்லை. நடக்கக்கூடாதென்றால் இதை இங்கே வைக்கக்கூடாது அம்மணி என்று அமைதியாகச் சொன்னார். தன் கார்க் கண்ணாடியில் மகளின் குழந்தைச் சப்பாத்து தொங்குகிறது, ஆனால் அது ஒழுகாது என்றும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அவர்கள் துடைத்து, தூள் தூவி, காற்றடித்துக் காயவைக்க வெகுநேரம் எடுத்தது. எங்கள் பிக்கப்பை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இவருக்கு முன்னால் ஒரே ஒரு வாகனம் நிற்கும்போது மழை வந்தது. பெருமழை இல்லை, தூறல்தான். ஆனால் அந்தத் தூறலுக்கே விளக்குக் கம்பத்தை அணைத்துவிட்டார்கள். காத்திருந்தோம். தூறல் விடவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

இவர் ஹெல்மெற்றைக் கழற்றவே இல்லை. நான் கதவைத் திறந்து ஏறி இருந்தேன். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசியிருந்தால் எனக்கும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்ல வாய் இருந்தது. இவர் மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, மழைக்கு நீர் என்ன செய்வீர் என்றார். அந்த நேரம் எனக்கு வந்த வெட்கமும் கவலையும் கொஞ்சநஞ்சம் இல்லை.

வெளிவாசலில் ஓடக் கிடைக்காதவர்கள் ஐந்தாறு பேர் கூடி நின்றார்கள். அந்தச் சிவப்பு பிக்கப் பெடியனும் அதற்குள் நின்றான். அவனுக்கும் இவரோடு ஓடவேண்டிய ஓட்டம் கிடைக்காமல் போயிருந்தது. எங்களைக் கண்டதும் ஜன்னல் பக்கம் வந்தான். கிராமத்துக்கு அங்கால் வயலுக்கு நடுவே நேரான ரோட்டு ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்கையும் வராது, தூறலும் விட்டுவிட்டது, ஒரே ஒரு ஓட்டம், வாருங்கள் என்றான். இவருடைய கை ஸ்டியரிங்கில் இறுகியதை நான் பார்த்தேன். மனிசன் இதற்காக ஒரு வருடம் ஏங்கியிருக்கிறார். கெடுத்தது நான். லைசென்சையும் வேலையையும் வீட்டுக் கூரையையும் அந்த ஒரு நிமிடத்துக்கு நானே மறந்தேன்.

"இஞ்சேருங்கோ, போங்கோ. நான் இறங்கி நிக்கிறன். அந்தச் சத்தியத்தை நான் திருப்பி எடுக்கிறன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணினது நானப்பா. அதை நீர் எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

பெடியனுக்குக் கை காட்டிவிட்டு மற்றப் பக்கம் திருப்பினார்.

அந்த ஓடுபாதைக்கு நாங்கள் பிறகு போகவில்லை. அடுத்த கோடைக்கு முன்பே அதை யாரோ வாங்கி வேலி போட்டுவிட்டார்கள். கொஞ்சக் காலத்தில் பழைய டீசல் வாகனங்கள் நகரங்களுக்குள் வரக்கூடாது என்று சட்டமும் வந்தது, பிக்கப்பை விற்றோம். இவர் தன் வாழ்நாளில் அந்தக் கால் மைலை ஓடவில்லை. அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது ஒரு சின்ன ரோட்டில், வைக்கோல் கட்டு ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று எங்களுக்கு முன்னால் அகப்பட்டது. ஆள் நடந்தால் அதை முந்தலாம். ரோட்டு நேராகக் கிடந்தது, எதிரே ஒருவருமில்லை, விலத்திக்கொண்டு போவது குற்றமும் இல்லை. இவர் அதன் பின்னாலேயே போனார். வைக்கோல் துரும்பு பறந்து வந்து ஈரக் கண்ணாடியில் ஒட்டியது.  கண்ணைத் துடைத்துவிட்டு, இதையாவது விலத்துங்கோவன் என்றேன்.

"என்ன அவசரம்," என்றார்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வாயிலிருந்து நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. பையைத் திறந்து ஒரு றோல்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.