நெற்றிக்கு எட்டாத சல்யூட்

ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாத சமயத்தில்தான் எனக்கு வலது தோள் போனது. ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் எனக்குச் சீசன் நேரத்துப் போலீஸ் டியூட்டி. தண்ணீர் கூடுகிறது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று விசில் ஊதி, தொண்டை வற்றக் கத்தியாகிவிட்டது. ஒருத்தி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம்க்கா என்று கொஞ்சிக்கொண்டே நின்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எட்டிப் பிடித்து இழுத்தேன். அவள் கம்பியை விடவில்லை, நான் அவளை விடவில்லை, பாசியில் என் கால் வழுக்கிவிட்டது. தோளுக்குள் ஏதோ பிய்ந்தது எனக்கே தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துண்டை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

தென்காசியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தசைநார் கொஞ்சம்தான் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து தைத்துவிடலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? கேள்வி கேட்க ஆரம்பித்தார். சுகர் உண்டா, தைராய்டு மாத்திரை உண்டா, இடது தோள் எப்போதாவது இறுகிப்போனதா, மாதவிலக்கு நின்றுவிட்டதா. ஜீப் ஓட்டி வந்த கான்ஸ்டபிள் பக்கத்திலேயே நிற்கிறான். ஸ்டேஷனில் கேள்வி கேட்கிற ஆள் நான். அன்றைக்கு யூனிபார்மோடு உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். இடது தோள் சில வருடங்களுக்கு முன்னால் இறுகி, பிறகு தானாகவே சரியாகியிருந்தது. அதையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் யாருக்குத் தோள் இறுகும்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா சுகர், தைராய்டு, ஏற்கெனவே ஒரு தோள் இறுகுனது, எல்லாம் உங்ககிட்ட இருக்கு. அதனால எனக்குப் பயம். மத்தவங்கள மாதிரி உங்க கைய ரொம்ப நாள் கட்டி வைக்க மாட்டேன். நான் சொன்ன அன்னைக்கு ஸ்லிங்க கழட்டிரணும். வலிச்சாலும் கைய அசைக்கணும்."

ஜோசியக்காரன் மாதிரி பேசுகிறானே என்று எரிச்சல்தான் வந்தது. எத்தனையோ பேரைக் கவாத்தில் நிமிர வைத்தவள் நான், எனக்கா இறுகும் என்று மனதுக்குள் அவரை வைதேன். ஜீப்பில் திரும்பும்போது அந்தக் கான்ஸ்டபிள் பையனிடம், உள்ளே கேட்டதை ஸ்டேஷனில் யாரிடமாவது சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்றேன். பாவம், அவன் அதுவரை வாயே திறக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்திலிருந்து கையைத் தொங்கவிடுவதற்கு, ஸ்லிங் என்கிற நீலத் துணிப்பட்டையை மாட்டினார்கள். டாக்டர் சொன்னபடியே அதைச் சீக்கிரம் கழற்றச் சொல்லிவிட்டார். இடது கையால் வலது கையைத் தூக்க வேண்டும், சுவரில் விரல்களை ஏற்ற வேண்டும், கயிற்றைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கடையத்தில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், கிணற்றுக் கப்பி ஒன்றை வாங்கி வந்து கதவு நிலையில் மாட்டிக் கயிறு போட்டார். என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டியதும் அவர்தான், தலை சீவிவிட்டதும் அவர்தான். அப்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தக் கூச்சத்தையாவது ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன்.

லீவு முடிந்து, பட்டை இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போன முதல் நாள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். எழுந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். அடித்தேன் என்றா சொன்னேன்? கை நெஞ்சு வரைக்கும் ஏறியது, அதற்கு மேல் ஒரு இம்மிகூட நகரவில்லை. அந்த மனிதர் நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். சிரித்த முகத்தோடு, "வணக்கம்மா, உடம்பு பரவாயில்லையா?" என்று பதிலுக்கு இரண்டு கையையும் கூப்பினார்.

எனக்குப் பின்னால் புதிதாக வந்த பெண் கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். அவர்களுக்குச் சல்யூட் சொல்லிக் கொடுத்தவள் நான். கை என்னட்டி வாழைத்தண்டு மாதிரி தொங்குது என்று அவர்களை ஏசியவளும் நான்தான். அவர்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

மறுநாள் அந்த நீலப் பட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டு போனேன். கையில் கட்டு போட்டிருக்கிறவளிடம் யாரும் சல்யூட் எதிர்பார்க்க மாட்டார்கள். அதிகாரி வந்தால் எழுந்து நின்றால் போதும். உட்காருங்கம்மா, உடம்பைப் பாத்துக்கோங்கம்மா என்று மரியாதை வேறு. அந்த மரியாதை எனக்குப் பிடித்துப்போனது. கயிற்றை இழுப்பதும் குறைந்தது. வலிக்கிறது என்று ஒரு நாள் விட்டேன், கை பட்டைக்குள்தானே இருக்கிறது என்று மறுநாளும் விட்டேன்.

வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. "ஏட்டி, டாக்டர் கழட்டச் சொல்லியாச்சுல்லா? பொறவு என்னத்துக்கு இத மாட்டிக்கிட்டு அலையுத?" என்று கேட்டார். ஸ்டேஷனில் கூட்டம், யாராவது இடித்துவிடுவார்கள் என்றேன். கைதிகள் சொல்லும் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள், அதைவிட மட்டமான பொய்யை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டரிடம் போகும்போது வாசலிலேயே பட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவேன். அவர் என் கையைத் தூக்கிப் பார்ப்பார். தோள் வராது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயிற்சி ஒழுங்காகச் செய்கிறீர்களா என்று கேட்டால், தினமும் செய்கிறேன் என்பேன். அவர் அதை நம்பினார். ஒரு தடவை பழைய ஸ்கேனையெல்லாம் எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இறுகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. தெரிஞ்சும் தடுக்க முடியல. தையல் போட்டதுல நான்தான் எங்கயோ இறுக்கிட்டேனோ என்னவோ" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மடியில் இருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. வழியனுப்பும் கூட்டத்துக்கு மாவட்டத்தின் பெரிய அதிகாரியே வந்திருந்தார். அவரும் ஒரு பெண். காலையில் கண்ணாடி முன்னால் நின்று கடைசி முறையாகச் சல்யூட் அடித்துப் பார்த்தேன். கை அதே நெஞ்சில்தான் நின்றது. அத்தனை பேர் முன்னால் இன்னொரு வணக்கமா என்று பட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள். அருவியில் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் இவர் கையையே இழந்தார் என்று யாரோ மைக்கில் பேசினார்கள். நான் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் அந்த அதிகாரி என் எதிரே வந்து நின்றார். குதிகால் இரண்டையும் சேர்த்து, எல்லோர் முன்னாலும் எனக்குச் சல்யூட் அடித்தார். மேலே இருப்பவர் முதலில் கீழே இருப்பவளுக்கு.

இத்தனை வருடப் பழக்கம், கை தானாகவே கிளம்பியது. பட்டை கழுத்தை வெட்டி இழுத்தது. அதற்குள்ளேயே கை நின்றுவிட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க மேலே பார்த்தே சல்யூட் அடித்தவளுக்கு, மேலே இருந்து வந்த ஒரே சல்யூட் அதுதான். அதற்குப் பதில் கொடுக்க முடியாமல், தேவையே இல்லாத ஒரு துணிக்குள் கையை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அழுதேன். அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று படம் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் ஆவலாகக் கேட்டார். "பெரிய அம்மாவே ஒனக்கு சல்யூட் அடிச்சாவளாமே, நீ என்னட்டி செஞ்ச?"

பட்டையைக் கழற்றிக் கீழே போட்டேன். அவர் எதிரே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். கை நெஞ்சு வரைக்கும் போய் நின்றது. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு கீழே கிடந்த பட்டையைப் பார்த்தார். பட்டாளத்துக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவில்லை. கதவு நிலையில் ஒதுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தொங்கவிட்டு, அதன் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

மறுநாளே டாக்டரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். இப்போது கை காது வரைக்கும் வருகிறது. எனக்குச் சல்யூட் அடித்த அந்த அம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.