மற்றவர்கள் மூலை

கதவைத் தட்டுவதற்கு முன் டீலோரிஸ் வாவ்ரா மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்ப்பார். “வெங்காயம் வதங்குது. நல்ல மாதிரியாத்தான் இருப்பாங்க, வா.” கருகல் வாடை வந்தால் அடுத்த வீடு. பன்றிக்கறி பொரிகிற வாசனை வந்தால் கையிலிருக்கும் நோட்டீசைக் கோட்டுப் பைக்குள் திரும்பச் செருகிவிடுவார். “சாப்பிட உக்காரப் போறவங்ககிட்ட ஜனாதிபதியப் பத்திப் பேசக் கூடாது. ஜனாதிபதிக்கும் கெடுதல், கறிக்கும் கெடுதல்.”

அவருக்கு அறுபத்திரண்டு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டுகிறார். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவருடைய முதுகைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனவர்கள்தான். பத்தாம் வகுப்போடு இறங்கிக்கொண்ட நானும் அவர்களில் ஒருத்தி. அயோவாவின் ஜனவரிக் குளிரிலும் அவர் கையுறை போட மாட்டார். “ஸ்டியரிங் என்ன சொல்லுதுன்னு தோலுக்குத்தான் கேக்கும்” என்பார். வெடித்த உள்ளங்கையில் பசுமாட்டின் மடிக்குப் போடுகிற களிம்பைத் தடவிக்கொள்வார். அவரோடு கைகுலுக்கியவர்கள் மேல் சாயங்காலம் வரை அந்த வாடை இருக்கும்.

பிள்ளைகள் இறங்கி ரோட்டைக் கடக்கும்போது பஸ்ஸின் இடது பக்கத்திலிருந்து சிவப்புப் பலகை ஒன்று நீளும். எல்லா ஊரிலும் அதைக் கண்டால் வண்டிகள் நிற்க வேண்டும். டீலோரிஸுக்கு அது போதாது. ஜன்னலைத் திறந்து தன் வெறும் கையையும் பலகைக்குப் பக்கத்தில் நீட்டுவார். “பலகைக்கு நிக்காதவன் கைக்கு நிப்பான்.” பிள்ளையின் இரண்டு காலும் எதிர்ப்பக்கத்துப் புல்லில் பட்ட பிறகுதான் கை உள்ளே போகும். பின்னால் எத்தனை லாரி நின்று கத்தினாலும் சரி.

இந்தக் குளிர்காலத்தில் அந்தக் கை நெல் ஹார்க்னஸுக்காகக் கதவு தட்டியது. நெல் ஒரு மாட்டு டாக்டர். எங்கள் ஊரைவிடச் சின்னதாக, மேற்கே எங்கோ இருக்கும் ஓர் ஊருக்கு மேயர். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வேண்டும் என்று கவர்னர்களோடும் செனட்டர்களோடும் போட்டியில் இறங்கியிருந்தார். நாட்டிலேயே முதலில் கட்சிக்காரர்கள் கூடி ஆளைத் தேர்ந்தெடுப்பது எங்கள் அயோவா மாநிலத்தில்தான். அதனால் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஜனாதிபதியாக விரும்புகிறவர்கள் காப்பி குடித்துப் பார்த்திருக்கிறோம். பெரிய பஸ்ஸில் வருவார்கள், பத்து நிமிடம் இருப்பார்கள். நெல் விரிசல் விட்ட கண்ணாடியோடு தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கடை மூடுகிற வரைக்கும் இருந்தார்.

டீலோரிஸின் மகள் ட்ரீனாவுக்குப் பிரசவம் ஆனது நெடுஞ்சாலையில், அம்மாவின் வண்டியில். எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியபின் ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் அடுத்தது. அந்தக் கதையை டீலோரிஸ் வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார்கள். நெல் மட்டும் கேட்டார்: “வண்டியில ஹீட்டர் ஓடிச்சா? தொப்புள்கொடிய எதாலே கட்டுனீங்க?”

“பூட்ஸ் கயித்தால.”

“நானா இருந்தாலும் அதத்தான் எடுத்திருப்பேன்.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டீலோரிஸ் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். “வருத்தப்பட நமக்குத் தெரியாதா? கேள்வி கேட்ட மொத ஆளு இவதான். பாரேன், பிரசவ வார்டத் தொறந்தே தீருவா.”

தொலைக்காட்சிக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு ஆதரவு என்று தினமும் ஒரு பட்டியல் காட்டுவார்கள். அதில் நெல்லின் பெயரே இருக்காது. கடைசி வரியில் ‘மற்றவர்கள்’ என்று போட்டிருப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் அதைப் பார்த்த டீலோரிஸ் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

“மத்தவங்களா? யாருப்பா மத்தவங்க?”

பக்கத்து மேசையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் லெஸ்டர் ப்ரூன்ஸ் இருந்தார். முன்னணியில் இருந்த கவர்னருக்கு ஊரில் ஆள் சேர்ப்பவர் அவர்தான். “உங்க மாட்டு டாக்டரம்மாதான். வெள்ளை மாளிகைக்குப் போனா மந்திரிங்களுக்கெல்லாம் ஊசி போடுவாங்களோ?”

“போடுவா. மொத ஊசி உனக்குத்தான். நாலாங் கிளாஸ்ல என் பஸ்ஸுல வாந்தி எடுத்தவன்தானடா நீ?”

கடையே சிரித்தது. மறுநாள் டீலோரிஸின் வண்டிக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கியது. பஸ்ஸுக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்டில் ‘மற்றவர்கள்’ என்று எழுதியிருந்தது. ஒரே வாரத்தில் பால் பண்ணைக்காரர் ஒருவரும் அதே மாதிரி கேட்டார். அப்புறம் நூலகத்துப் பெண். அப்புறம் வெல்டிங் பட்டறையில் மூன்று பேர். டீலோரிஸ் சமையலறைத் தரையில் மண்டியிட்டு அட்டை எழுதித் தள்ளினார். நோட்டீசை யாரிடமும் படித்துக் காட்டியதில்லை. “செவ்வாக்கெழம சாயங்காலம் எங்கூட வந்து நிப்பியா?” என்று மட்டும் கேட்பார். என்னிடமும் அதைத்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். “பேச வேணாம்மா. கை தூக்க வேணாம். நின்னா போதும். நீ நல்லா நிப்பே.”

கட்சிக் கூட்டம் நடக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்கு ஒரு போன் வந்தது. ஆர்வல் ஸ்டம்போ. எண்பத்தைந்து வயது, சக்கரம் வைத்த வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவர்.

“ரோடெல்லாம் ஐஸ். உன் வண்டி வருமா? ஆனா ஒண்ணு, உன் மாட்டு டாக்டருக்கு நான் நிக்க மாட்டேன்.”

“யாரு கேட்டா? ஆறு மணிக்கு பூட்ஸ் மாட்டிட்டு ரெடியா இருங்க.”

அப்படித்தான் எதிரணி ஆளைத் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆர்வலின் வேட்பாளர் ஒரு கிழ செனட்டர். “அவருதான் போன வாரமே வெலகிட்டாரே, ஐயா” என்று வாசலில் ஒருவர் சொன்னார். “எங்கிட்ட சொல்லலியே” என்று ஆர்வல் உள்ளே போய், கூடத்தின் ஓரத்தில் தனியாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊரில் இதற்கு வாக்குச்சீட்டு கிடையாது. யாருக்கு ஆதரவோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை செல்லாது. அதில் நிற்கிறவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். டீலோரிஸ் ஆர்வலை அழைக்கப் போவதற்கு முன்பே வந்து ஹீட்டருக்கு நேர் கீழே இருந்த மூலையைப் பிடித்து, மஞ்சள் அட்டையை ஒட்டி, கசகசா வைத்த இனிப்பு பன்களைத் தட்டில் அடுக்கியிருந்தார். ஆட்கள் வரவர எங்களுக்கு நிலைகொள்ளவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். யாரோ ஒருவர் ஒரே பன்னை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் கடிக்காமல் வைத்தார். இன்றிரவு கணக்கில் நெல்லின் பெயர் வந்துவிட்டால் நாளை ‘மற்றவர்கள்’ என்று யாராலும் போட முடியாது என்று நூலகத்துப் பெண் என் காதில் சொன்னாள். அவள் மூச்சு சூடாக இருந்தது.

கூடத்தில் மொத்தம் நூற்றிருபது பேர். வேண்டியது பதினெட்டு. எங்கள் மூலையில் பதினேழு.

மற்ற மூன்று மூலைகளும் தேறிவிட்டன. தேறிய மூலையிலிருந்து யாரும் நகரக் கூடாது. நகரக் கூடியவர்கள் நாங்களும் ஆர்வலும்தான். கால் மணி நேரம் கொடுத்தார்கள். லெஸ்டர் முதலில் எங்களிடம் வந்தார். “வாங்க, எங்க பக்கம் எடம் இருக்கு.” யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கோப்பைக் காப்பியோடு ஆர்வலின் நாற்காலிக்குப் போனார்.

ட்ரீனா அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “போய் ஒரு வார்த்த கேளும்மா. நீதானே கூட்டிட்டு வந்தே?”

“கூட்டிட்டு வந்ததாலதான் கேக்க மாட்டேன்.”

“அம்மா!”

“ஏத்தும்போது கேக்கல. எறக்கிவிட்டப்புறம் கேட்டா அது டிக்கெட் கேக்குற மாதிரி. முப்பது வருஷமா என் வண்டியில டிக்கெட் கெடையாது.”

வெடித்த கையை மாறிமாறித் தேய்த்துக்கொண்டு நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்தார். சட்டென்று கூடத்தின் குறுக்கே நடக்க ஆரம்பித்தார். கேட்கப் போகிறார் என்றே நினைத்தோம். அவர் லெஸ்டருக்கு முன்னால் போய் நின்றார்.

“டேய், ஐயாவ நீ வீட்டுல விட்டுடு.”

“நானா? எதுக்கு?”

“யாரு வண்டியில திரும்பப் போறோம்னு யோசிச்சுக்கிட்டு அவரு ஒரு எடத்துல நிக்கக் கூடாது.” பிறகு குனிந்து சத்தமாகச் சொன்னார்: “ஐயா, எங்க நின்னாலும் லெஸ்டர் உங்கள வீட்டுல விட்டுடுவான். அவன் கார்ல சீட்டுக்கே சூடு உண்டு.”

திரும்பி வந்துவிட்டார். “போச்சு” என்றார் பால் பண்ணைக்காரர். “கையில இருந்ததத் தூக்கி அவன்கிட்டயே குடுத்தாச்சு.”

ஆர்வல் காப்பியைக் குடித்து முடித்தார். கோப்பையை லெஸ்டர் கையில் கொடுத்தார். எழுந்து வாக்கரைப் பிடித்தார். அவ்வளவுதான், கூடமே கத்தத் தொடங்கிவிட்டது. “இங்க வாங்கய்யா!” “ஆர்வல், இந்தப் பக்கம்!” லெஸ்டரின் ஆட்கள் முன்னால் வந்தார்கள், எங்கள் ஆட்களும் போனார்கள். கிழவருக்கு நடக்க வழி இல்லை. வாக்கர் தடுமாறியது.

டீலோரிஸ் நடுவில் போய் நின்று இடது கையை நீட்டினார். நேராக, வெறும் கையை.

லெஸ்டர் நின்றார். வெல்டிங் பட்டறைக்காரர்கள் நின்றார்கள். ஊரில் பாதிப்பேர் அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவர்கள். கால்கள் தாமாகவே நின்றன. சத்தமும் நின்றது. வாக்கரின் சக்கரம் பலகைத் தரையில் உருளும் ஓசை மட்டும் கேட்டது.

கூடைப்பந்துக்காகத் தரையில் போட்டிருந்த நடு வட்டத்தில் ஆர்வல் நின்றார். லெஸ்டரின் மூலையைப் பார்த்தார். மஞ்சள் அட்டையைப் பார்த்தார். பிறகு வாக்கரைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“சூட்டுக்குத்தான் வாரேன். அந்த டாக்டரம்மாவுக்காக ஒண்ணும் இல்ல. கடையில எம் முழங்காலப் புடிச்சுப் பாத்துட்டு, எந்தக் கழுதைடா இதுக்கு ஆப்பரேஷன் பண்ணினான்னு கேட்டா. கேக்க வேண்டியதுதான்.”

“பதினெட்டு!” என்று யாரோ அலறினார்கள். எங்கள் மூலை குதித்தது. பன் தட்டு கவிழ்ந்தது. நூலகத்துப் பெண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கூடத்தில் ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கத்திக்கொண்டிருந்தது, அது என்னுடையது.

டீலோரிஸ் மட்டும் திரும்பவில்லை. கண் வாக்கரின் சக்கரத்தில் இருந்தது. ஆடுகளத்தின் சிவப்பு எல்லைக்கோட்டை முன்சக்கரம் தாண்டியது, ஆர்வலின் ஒரு கால் தாண்டியது, மற்றக் கால் தாண்டியது. அதற்குப் பிறகுதான் நீட்டிய கையைக் கீழே இறக்கினார்.