பின்பாதியில் ஒரு ஃபெசன்ட்

அரிவாளை ஓங்கிவிட்டேன். இறக்குவதற்குள் மனைவி மனோ கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!"

நின்றேன். என்ன, பாம்பா? மிச்சம் என்கிற இந்த இங்கிலீஷ் ஊரில் ஏது பாம்பு! அவள் காட்டிய இடத்தில் காய்ந்த புல்தான் இருந்தது. பிறகு அந்தப் புல்லுக்கு ஒரு கண் இருப்பது தெரிந்தது. பிறகு அலகு. பிறகு முழுதாக ஒரு பறவை — கோழியளவு, மண்ணிறம், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. என் அரிவாளுக்கும் அதன் கழுத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அது அசையவில்லை.

பின்வாங்கியது நான்தான்.

இது நடந்தது இந்தச் சித்திரைக் கடைசியில். அலொட்மென்ட் என்றால் தெரியும்தானே? கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு. வருடக்கணக்காகக் காத்திருந்து, போன மார்கழியில்தான் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. முன்பாதி முழுக்க யாரோ கொட்டிய செங்கல்லும் கொங்கிரீட்டும். பின்பாதியில் இடுப்பளவு புல். கமிட்டிச் செயலாளர் டோரீன் சாவியைத் தரும்போதே சொல்லிவிட்டார் — வைகாசி நடுவில் வந்து பார்ப்பேன். பாதி நிலமாவது கொத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு அடுத்த ஆளுக்கு.

கல் அள்ளுவதைவிடப் புல் வெட்டுவது சுலபம். அதனால்தான் பின்பாதிக்குப் போனேன். அங்கே இந்த அம்மா அடைகிடக்கிறார்!

"இந்தப் பக்கம் தொடக் கூடாது," என்றாள் மனோ.

"அப்ப தோட்டம் போயிடும். முன்பாதிக் கல்லை நாங்கள் ரெண்டு பேர் அள்ளி முடியாது."

"போகட்டும். தாயை எழுப்பிப்போட்டு எனக்குக் கீரை வேண்டாம்."

அவளுக்கு அந்தத் தோட்டம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத்தான் தெரியும். சண்டை நடக்கும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. போன் எடுக்கவும் வழியில்லை. லோண்டரி வேலை முடிந்து வந்தால் ஜன்னலடியில் பேசாமல் இருப்பாள். மண்வெட்டி கையில் இருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். அப்படிப்பட்டவள் 'போகட்டும்' என்கிறாள்...

இன்னொரு பயமும் இருந்தது. பக்கத்துத் துண்டுக்காரர் ரெக். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனி ஆள், கூட ஒரு நாய். குளிர்காலத்தில் துவக்கோடு நாட்டுப்புறம் போய் இதே ஃபெசன்ட் பறவைகளைத்தான் சுடுவார். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, புது அயலவர்களுக்கு அன்பளிப்பாக, எங்கள் கொட்டில் கதவில் இரண்டை இறகோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார். மனோ சுத்த சைவம். அன்றிலிருந்து ரெக்கைக் கண்டால் ஒதுங்கிப்போவாள்.

ஆகவே, கூடு இருப்பது ரெக்குக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானித்தோம். பழைய பலகையொன்றை மறைப்பாகச் சாத்தினோம். குசுகுசுத்தோம். எங்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார் ரெக். "எப்படி இருக்கிறாள்?"

"ஆர்?" என்றேன்.

"தாய்தான். நான் கூட்டைக் கண்டுபிடித்தே ஒரு கிழமையாகிறது. நாயை ஏன் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று நினைத்தீர்கள்?"

நாய்க்கு ஏதோ நோய் வருத்தமாக்கும் என்றல்லவா நாங்கள் பேசிக்கொண்டோம்!

மனோ முன்னால் வந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேரே கேட்டாள்: "நீங்கள் இவளைச் சுடுவீங்களோ?"

ரெக்கின் முகம் சிவந்துவிட்டது. "மாசி பிறந்ததோடு சீசன் முடிந்துவிட்டது. இனி இவளை எவன் தொட்டாலும் எனக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்." கொஞ்சம் யோசித்தார். "டோரீன் எப்போது பார்க்க வருகிறாள்?"

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது ரெக் தள்ளுவண்டியோடு நிற்கிறார். கூடவே நாலைந்து பேர் — அதுவரை எங்களுக்கு 'குட் மோர்னிங்' மட்டும் சொன்னவர்கள். எங்கள் முன்பாதிக் கல்லை அள்ளத் தொடங்கினார்கள். அதுவும் சத்தம் போடாமல்! கொங்கிரீட்டைக் குழந்தையைப்போல் தூக்கி வைக்கிற ஆட்களை நான் அன்றுதான் பார்த்தேன். மனோ வீட்டுக்கு ஓடிப்போய் வடை சுட்டுக்கொண்டு வந்தாள். ரெக்குக்கு முதல் வடை. பொழுதுபடும்போது முன்பாதியில் வெறும் மண். மிச்சத்தை நாங்கள் கொத்தி முடித்தோம்.

டோரீன் வந்தார். சாதாரணமாகவே மைக் பிடித்ததுபோல் குரல். வாயைத் திறக்குமுன் ரெக் உதட்டில் விரல் வைத்து, பலகையை விலக்கிக் காட்டினார். டோரீன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "பாதி கொத்தியிருக்கிறது, சரி," என்று எனக்கே கேட்டும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்.

சில நாட்கள் கழித்து ஒரு காலை — கூடு வெறுமை. தாய் இல்லை. முட்டைக் கோதுகள் மட்டும்.

"நரி," என்றாள் மனோ. தள்ளுவண்டி விளிம்பில் இருந்து அழுதாள். ரெக் வந்து கோது ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மூடி திறந்ததுபோல் வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது.

"நரி இவ்வளவு ஒழுங்காகத் திறக்காது. இது உள்ளேயிருந்து திறந்தது."

நம்புவதா, ஆறுதலுக்குச் சொல்கிறாரா? பின்னேரம் டோரீன் ஓடிவந்தார். இந்த முறை மைக் குரலேதான்: "ஏழு! என் பட்டாணிப் பாத்திக்குள்ளே ஏழு குஞ்சு!"

மனோ டோரீனைக் கட்டிப்பிடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அலொட்மென்ட் முழுக்க இதே பேச்சு. மழை வெயில் பேசியவர்கள் குஞ்சு பேசினார்கள். "இன்றைக்குக் கண்டீர்களா? எத்தனை?" ஏழு ஐந்தானது. ஐந்து நாலானது. மனோ சோர்ந்துபோனாள். "நாலு மிஞ்சுவதே பெரிய காரியம்," என்றார் ரெக். ஆடியில் அந்த நாலும் தாயோடு வேலி தாண்டிப் பறந்ததை நாங்கள் இருவரும் ரெக்கும் சேர்ந்து பார்த்தோம்.

தங்கையின் கடிதம்? இன்னும் இல்லை. ஆனால் மனோ இப்போது ஜன்னலடியில் இருப்பது குறைவு. தோட்டத்தில் அவளைத் தேட ஆட்கள் இருக்கிறார்கள்.

ரெக்குக்கு நன்றி சொல்லப் போனேன். "எதற்கு?" என்று கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு கிண்டியெடுக்கப் போய்விட்டார். ஐப்பசியில் மறுபடி துவக்கை எடுப்பார், தெரியும். ஒரு மனிதர் எல்லா விஷயத்திலும் நம்மைப்போல இருந்தால்தான் நன்றி சொல்வோம் என்றால், யாருக்குத்தான் சொல்வது? அதனால் அவர் வாசிக்க முடியாத தமிழில் இங்கே சொல்லிவைக்கிறேன்.

போன வெள்ளி கோயிலில் ஒருவர் மனோவிடம், "தோட்டத்தில இந்த முறை என்ன விளைஞ்சது?" என்று கேட்டார். "நாலு குஞ்சு," என்றாள் பெருமையாக.

கோழிக் குஞ்சாக்கும் என்று அவர் ஒரு டசின் முட்டைக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!