நசுங்காத நான்கு எலுமிச்சம்பழங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நான்கு எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். காய்ந்து, கறுத்து, கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தன. கார் பூஜைக்கு வைத்த பழங்கள். சக்கரம் ஏறி நசுக்கியிருக்க வேண்டும். நசுக்கவில்லை.

யோகன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த வெளிநாட்டு ஊரில், மவுண்ட் ரோஸ்கில்லில், எங்கள் தெருதான். அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். அது போதாதென்று, வேலை முடிந்து வந்து சொந்த கராஜில் ஒரு காரோடு மல்லுக்கட்டுவார். ஏதோ பண்ணையில் கோழி அடைந்து கிடந்த அமெரிக்கக் கார். மேல்கூரை கிடையாது. இரண்டே சீட். அதற்குப் பெரிய என்ஜின் பூட்டி, உடம்பைத் தாழ்த்தி, முன்சக்கரங்களை வெளியே தெரியவிட்டு... ஹாட் ராட் என்கிறார்களே, அது.

சீட் தைத்தது நான். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் சோபா தைப்பது என் வேலை. எனக்குப் பேச்சு வராது. அவருக்குப் பேச நேரம் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

"இந்த மனுசனுக்கு என்ர பிறந்தநாள் தெரியாது தம்பி. காரின்ர பிறந்த வருசத்தைக் கேளுங்கோ, உடனே சொல்லுவார்" என்று தேநீர் கொண்டுவரும்போதெல்லாம் அவர் மனைவி சாந்தி அக்கா குத்துவார். அண்ணன் தலையை வெளியே எடுக்காமலே சொல்வார்: "முதல்ல ஏறப்போறது நீர்தானே. பிறகென்ன?"

சிவப்புப் பெயின்ட் அடித்த நாட்களில் ஒருமுறை, "மாஸ்க் போடுங்கண்ணே" என்றேன். "போட்டா கண்ணாடி புகைக்குது தம்பி. பெயின்ட் மினுங்கிறது தெரியாது" என்றார். அவர் நெஞ்சுக்கு வந்த நோய் அதனால்தானா? டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. நோயின் பெயரை அவர் மகள் தர்ஷினி சொன்னாள். என் வாயில் நுழையவில்லை. நாள் அதிகமில்லை என்பது மட்டும் நுழைந்தது.

இனி அண்ணனுக்கு ஒரே ஆசை. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று. அவ்வளவுதான்.

ரோட்டில் ஓட்டலாம் என்று சான்று வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். அண்ணன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு காருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"சாந்தி, ஒருக்கா ஏறும்."

"உங்களுக்கு என்ன விசரா? இண்டைக்குச் செவ்வாய். நாளைக்கு அட்டமி. பூசை செய்யாமல் நான் ஏறமாட்டன்."

"நான் என்ன கலியாணமே செய்யக் கேக்கிறன்?"

"வெள்ளிக்கிழமை நல்ல நாள். மூண்டு நாள்தானே?"

மூன்று நாள்தானே... யார்தான் அப்படிச் சொல்ல மாட்டோம்?

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னமே பூஜை முடிந்தது. சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். அண்ணன் சாவியைத் திருப்பினார். தெருவே அதிர்ந்தது. அக்கா காலைத் தூக்கி வைக்கப் போனார் — மழை. இந்த ஊர் மழைக்கு ஏது பஞ்சாங்கம்?

"நனைஞ்சுகொண்டே போவம்" என்றார் அண்ணன்.

"நோ வே, அப்பா!" என்றாள் தர்ஷினி. அவருடைய நெஞ்சுக்கு ஒரு தூறல்கூட ஆகாது.

நாளைக்குப் போகலாம் என்று முடிவானது. கராஜுக்குள் விடலாமே என்றேன். பூஜை செய்த வண்டி முதலில் முன்னால்தான் போக வேண்டும், பின்னால் எடுக்கக் கூடாது என்றார் அக்கா. தெருவைப் பார்த்து நின்றபடியே அதன் மேல் தார்ப்பாய் போட்டோம்.

மறுநாள் விடிந்ததும் ஆம்புலன்ஸ் வந்தது. கார் வழியில் நின்றது. வேலிக்கும் காருக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. ஈரப் புல்லில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். காரைத் தாண்டும்போது அண்ணன் என்னைப் பார்த்துக் கை காட்டினார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன். சிவப்பு மேல் நின்ற ஒரு சொட்டு நீரைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"சீட் நனைஞ்சதோ?"

"இல்லண்ணே. காஞ்சுதான் இருக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை.

காரியங்களெல்லாம் முடியும்வரை யாரும் அந்தக் காரைத் தொடவில்லை. போன ஞாயிறு மாலை அக்கா கூப்பிட்டார். "தம்பி, இதை உள்ளுக்கு விடவேணும். எனக்கு ஒவ்வொரு நாளும் இதைப் பார்க்கேலாது."

சாவியை எடுத்தேன்.

"ஸ்டார்ட் பண்ண வேண்டாம். அந்தச் சத்தம் கேக்கேலாது."

அப்படியானால் தள்ள வேண்டும். பின்னால்தான் தள்ள முடியும். ஸ்டியரிங்கைப் பிடிக்க அக்காவை உட்காரச் சொன்னோம். அவர் சுற்றி வந்து பக்கத்துச் சீட்டில் ஏறினார்.

"அம்மா, அதர் சைட்" என்றாள் தர்ஷினி.

"அது அப்பான்ர சீட்."

தர்ஷினி முன்னால் நின்று தள்ளினாள். நான் பக்கவாட்டில் நடந்துகொண்டே ஒரு கையை உள்ளே விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மணியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. சொல்லலாமா வேண்டாமா...

"அக்கா, இப்ப ராகு காலம்."

"ஓம், தெரியும். தள்ளுங்கோ."

கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஒல்லியான முன்சக்கரங்கள் பின்பக்கப் பழங்களுக்கு உள்பக்கமாகவே உருண்டன; எலுமிச்சம்பழங்கள் நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. கராஜுக்குள் போய் நின்ற பிறகும் அக்கா இறங்கவில்லை. சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்குக் கேட்டவர் என்ன, நனைஞ்சதோ எண்டு... நனையேல்லை."

ராகு காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டியது நல்ல நேரத்திலேயே ஆகிவிட்டது.