கிணற்றில் கிடைத்த வெண்கல நாய்

1953, பங்குனி 9. காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். அஞ்சுகிராமம் பத்து மைல், ஐந்தணா. மடியில் உரைகல். நான் நகை செய்கிறவன். என் மனைவியின் அண்ணன் கிணறு வெட்டுமிடத்தில் ஒரு பானை கிடைத்ததாம். உள்ளே இருப்பதைச் சுரண்டினால் மஞ்சளாகத் தெரிகிறது, வந்து பார் என்று ஆள் விட்டிருந்தார்.

மயிலாடி தாண்டியதும் வயல் குறைந்து பனை கூடியது. பக்கத்தில் இருந்தவர் உரைகல்லைப் பார்த்து, யார் வீட்டில் கல்யாணம் என்றார். கிணறு என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழரைக்கு இறங்கி ஒரு மைல் நடை.

பானை ஓராள் ஆழத்தில் இருந்தது. கடப்பாரை பட்டு வாய் உடைந்திருந்தது. உள்ளே மண். குச்சிகுச்சியாக எலும்பு, சின்னப் பிள்ளையுடையது. அதோடு பெருவிரல் நகத்தளவில் ஒரு நாய். வால் சுருண்டிருந்தது. உரைத்தேன். வெண்கலம்.

"கோழிய வேற அறுத்துட்டனே மாப்ள," என்றார் மச்சான். கிணறு வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள்.

திருப்பிப் பார்த்தேன். முதுகில் கயிறு கோக்கத் துளை. அதன் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. சாவுக்கென்று செய்ததில்லை. உயிரோடு பிள்ளை கட்டிக்கொண்டு ஓடியது. இறந்தபின் கயிற்றை அறுக்காமல் அப்படியே வைத்து மூடியிருக்கிறார்கள்.

பிள்ளை பயந்து அலறாதிருக்க நாங்களும் அரைஞாண் கயிற்றில் செம்பு நாய்க்காசு கட்டுவோம். இறந்தால் அறுத்துவிட்டுத்தான் புதைப்போம். மூன்று வருஷத்துக்கு முன் என் மகளுக்கு அறுத்தது நான்.

"அது கெடக்கட்டும். இருட்டுல பயப்படுவா," என்றாள் அன்று என் மனைவி.

வழக்கமில்லை என்றேன். அறுத்து அவள் கையில் கொடுத்தேன். பிறகு அவளும் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நாயைப் பானையிலேயே வைத்துவிடச் சொன்னேன். மச்சான் உடனே மண்வெட்டியை எடுத்தார். என் மகளுக்குத் தாய்மாமன் அவர். பனைமூட்டில் அவரே குழி எடுத்து, பானையை இறக்கி மூடினார். பிறகு சாப்பிட்டோம். கோழி நன்றாக இருந்தது.

மாலை நாலு மணி பஸ். அதே ஐந்தணா. வழியில் எதையும் பார்த்த நினைவில்லை.

வீட்டில் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பானையைச் சொன்னேன். நாய்க்காசை எடு, மகளிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம் என்றேன்.

"அத பொதச்ச மறுநாளு வெடியவே கொண்டு வச்சாச்சு," என்றாள். "கேப்பியளான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பத்து மைல் போய் நான் கண்டதை அவள் மறுநாளே செய்திருந்தாள்.

எந்தப் பக்கம் வைத்தாய் என்று கேட்டேன். வலதுகைப் பக்கம் என்றாள்.