ஜேமியின் மஞ்சள் சட்டை

நான் வசிக்கும் ஷெஃபீல்டு நகரத்தில், சூப்பர் மார்க்கெட் வாசலில் கார்கள் நிறுத்தும் இடத்தில் ஆள் உயரப் பச்சை இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. க்ளோத்ஸ் பேங்க் என்கிறார்கள், தானத்துக்குத் துணி போடும் பெட்டி. ஜனங்கள் காரை விட்டு இறங்கி, பை பையாகப் பழைய துணியை அதன் வாய்க்குள் தள்ளிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பால் வாங்கப் போய்விடுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது ஜீரணமே ஆகவில்லை. உடுத்திய துணியைக் கொடுக்கிறோம், வாங்குகிறவர் முகம் தெரிய வேண்டாமா? தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு சட்டை யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்பது தெருவுக்கே தெரியும். அண்ணன் போட்டது எனக்கு வரும். எனக்குப் பத்தாமல் போனால் எதிர்வீட்டுக்குப் போகும். கிழிந்தால் கரித்துணி. அதற்கும் உதவாவிட்டால் தெருமுனை லேத்துப் பட்டறையில் கிரீஸ் துடைக்கும். கடைசிவரை எங்கள் கண்ணெதிரில்தான் இருக்கும்.

அந்தப் பெட்டியைத் தூர நின்று கேலி செய்துகொண்டிருந்த நான், ஒரு குளிர்காலத்தில் அதன் பக்கத்திலேயே போய் நின்றேன். துணி போடுவதற்கு அல்ல, கேட்டு வாங்குவதற்கு. அப்போது எனக்கு நிறைமாதம். எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடமாட்டோம். நல்லபடியாக வளர்ந்த பிள்ளை போட்டுக் கழித்த சட்டையைக் கேட்டு வாங்கித்தான் போடுவோம். அந்தப் பிள்ளையின் ஆயுசும் ஆரோக்கியமும் இதற்கும் ஒட்டட்டும் என்று. இதையெல்லாம் நம்புகிறாயா என்றால், நர்ஸிங் படித்தவள், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு முந்தைய கர்ப்பம் பாதியில் கலைந்து, வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி வீடு திரும்பியவள் நான். இந்த முறை பயம் எதைச் சொன்னாலும் கேட்கத் தயாராக இருந்தேன்.

அம்மா முன்கூட்டியே எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். “நூருன்னிசா பேரன் சட்டைய எடுத்து வெச்சிகீறேன். புள்ள எப்டி குண்டா கீறான் தெரியுமா? நீ பாட்டுக்கு கடைல பூந்து புச்சு வாங்கிடாத” என்றாள் போனில். நூருன்னிசா அக்கா எங்கள் எதிர்வீடு. அவர் வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை. கடை நிறையப் புதுசு இருக்க, நாங்கள் கேட்டது பழசை.

அம்மா அனுப்பிய அந்தச் சட்டைப் பார்சல் வழியில் எங்கேயோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் டாக்டர், குழந்தை முந்தியே வந்துவிடலாம் என்றார். கேட்டு வாங்க இங்கே எனக்குத் தெரிந்த வீடு எது? நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். பழைய துணி விற்கும் கடைகளில் குழந்தைச் சட்டை கிடைக்கும்தான். அதைப் போட்ட பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று கல்லாவில் கேட்க முடியாதே.

அதனால்தான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெட்டியருகே நின்றேன். அறுபதை நெருங்கும் ஒரு அம்மாள் பெரிய பையோடு வந்தார். மேலாகக் குழந்தைச் சட்டைகள் தெரிந்தன. துணிந்து, “எக்ஸ்கியூஸ் மி, இதில் ஒன்று எனக்குத் தருவீர்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், நூல் பிரிந்த என் ஸ்வெட்டரைப் பார்த்தார். “ஓ லவ், பையோடவே எடுத்துக்கோ. சர்ச்சில் இலவசமா மளிகை தர்ற ஃபுட் பேங்க்கும் இருக்கு, கூட்டிப் போகட்டுமா?” என்றார். எனக்கு மானமே போயிற்று. இல்லாமல் கேட்கவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, கூச்சப்படாதே என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். கடைசியில் நான், “ஒரு சட்டை போதும். இதைப் போட்ட பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறதா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றேன். பிறகு எங்கள் வழக்கத்தையும் சொன்னேன்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். “என் பையன் ஜேமியா? அவனுக்கு வாசற்படியில் தலை இடிக்குது. காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் மூடத்தான் தெரியாது.” இத்தனை வருடம் பரணில் வைத்திருந்ததாகவும், இன்றுதான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவந்ததாகவும் சொன்னார். காரின் மேல் பையைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்தார். “ஆஸ்பத்திரியிலிருந்து இதில்தான் வீட்டுக்கு வந்தான்” என்று என் கையில் வைத்தார். அவர் பெயர் மேகி. பிறந்ததும் சொல் என்று போன் நம்பரும் கொடுத்தார். மீதியைப் பெட்டிக்குள் தள்ளும்போது நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் முந்தித்தான் வந்தாள். ஆனால் வார்டே திரும்பிப் பார்க்க வீறிட்டுக்கொண்டு வந்தாள். வீடியோ காலில் அம்மா பேத்தியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைத்தான் பார்த்தாள்.

“யாரு வூட்டு சட்டைடி?”

சொன்னேன்.

“அந்தப் புள்ள நல்லா கீதா?”

“வாசப்படில தல இடிக்குதாம்மா.”

“அப்ப சரி” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். நூருன்னிசா அக்கா பேரனின் சட்டைகள் சாவகாசமாக வந்து சேர்ந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டுதான் மகள் தவழ்ந்தாள்.

அடுத்த வருடம் ஊரில் அண்ணி மாசமாக இருந்தாள். அம்மா மஞ்சள் சட்டையை அனுப்பச் சொன்னாள். எனக்குக் கொடுக்க மனசில்லை. “எதிர்வூட்ல கேட்டா குடுக்கமாட்டாங்களா?” என்றேன்.

“குடுப்பாங்க. ஆனா அது ரெண்டு புள்ளய வளத்த சட்டைடி. அத்தான் வோணும்.”

மேகியிடம் சொன்னபோது, தண்டையார்பேட்டை எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். தபாலை நம்பாமல், சென்னைக்குப் போன ஒரு தோழியிடம் கொடுத்தனுப்பினேன்.

அண்ணனுக்குப் பையன். படம் அனுப்பினான். மொட்டைமாடிக் கொடியில் மஞ்சள் சட்டை காய்கிறது, பின்னால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. என் மகள் இன்னும் கால் வைக்காத தெருவில் அவள் சட்டை லாரிப் புழுதி வாங்கிக்கொண்டிருந்தது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் யாரு வூட்டு சட்டை என்று கேட்டால் அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா என்று அண்ணன் சிரித்தான்.

“நம்ம ஜேமி போட்டது. லண்டன்ல கீறான்.”